பழைய ஹெரால்டுக்குக் கட்டம் போட்ட சீட் துணி: கையைக் கடிக்காமல் முடிக்க வழி உண்டா?

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அப்பா ஓட்டியது. எஞ்சின், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்துவிட்டது. சீட் ரெக்சின் மட்டும் வெடித்து உள்ளே இருக்கும் நார் எட்டிப் பார்க்கிறது. பழைய ஜெர்மன் கார்களில் வருவதுபோலக் கட்டம் போட்ட துணி போட ஆசை, ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இங்கேயே மலிவாகக் கிடைக்குமா? கிடைத்தால் தாங்குமா?

கிடைக்கும். தாங்குமா என்பது எந்தத் துணியை எடுக்கிறீர்கள், யார் வெட்டுகிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. நான் ஈரோட்டில் ஜவுளித் தொழிலில் இருப்பவன், வீட்டில் ஒரு ஹெரால்டும் நிற்கிறது. அந்த சீட்டை இரண்டு முறை தைத்திருக்கிறேன். முதல் முறை செய்த தவறுகளால்தான் இரண்டாவது முறை தைக்க வேண்டிவந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஹெரால்டு ரெக்சின் சீட்டோடுதான் வந்தது. கண்காட்சியில் நிறுத்தி அசல் தன்மைக்கு மதிப்பெண் வாங்க வேண்டும் என்றால் கட்டத்துணியை மறந்துவிட்டு ரெக்சினே போடுங்கள். சொந்த ஆசைக்கு என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. கட்டம் பழைய கார்களுக்கு அந்நியமும் அல்ல. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், கதவு இறக்கைபோல மேலே திறக்குமே அந்த வண்டி, கட்டத்துணி சீட்டோடு வந்தது. எழுபதுகளின் போர்ஷே 911 டர்போவில் டார்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டத்துணியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள முடிந்தது. ஆனால் கட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1976-இல் வந்த கோல்ஃப் ஜிடிஐ. அதன் சீட் துணியை வடிவமைத்தவர் வோக்ஸ்வாகனில் துணி, நிறப் பிரிவில் வேலை பார்த்த குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி. பீங்கானில் ஓவியம் தீட்டிப் பழகியவர். கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழும் அவர் யோசனைதான்.

அந்த ஜிடிஐ சீட்டின் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உங்கள் செலவைப் பாதியாகக் குறைக்கும் சங்கதி அதில் இருக்கிறது. கட்டம் சீட்டின் நடுப்பகுதியில் மட்டும்தான். உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் கட்டம், இரண்டு ஓரமும் வெறும் கறுப்பு. அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. வண்டியில் ஏறி இறங்கும்போது தேய்வது ஓரம். வளைவும் திருப்பமும் அதிகம் இருப்பதும் ஓரம். வளைவில் கட்டத்தை இழுத்துப் போட்டால் கோடு பாம்புபோல நெளியும். அதனால் ஓரத்துக்கும் பின்பக்கத்துக்கும் நல்ல ரெக்சின், நடுவில் மட்டும் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு சீட்டையும் கட்டத்தில் மூடப் பத்து மீட்டருக்கு மேல் ஆகும். இப்படிச் செய்தால் நாலு மீட்டரில் முடியும்.

கணக்கு இதுதான். பன்னா (துணியின் அகலம்) 54 இஞ்ச், அதாவது சுமார் 137 சென்டிமீட்டர் என்று வைப்போம். கட்டத்தின் ஒரு முழுச் சுற்று, ஒரு கோடு தொடங்கி அதே கோடு திரும்ப வரும் தூரம், 15 சென்டிமீட்டர் என்று வைப்போம். முன் சீட் உட்காரும் பகுதிக்கு ஒவ்வொன்றும் 55 நீளம் வேண்டும் என்றால் 55 எடுக்கக் கூடாது, அடுத்த முழுச் சுற்றான 60 எடுக்க வேண்டும். இரண்டு சீட்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டிக்கொள்ளலாம். சாயும் பகுதிக்கு 75. பின் சீட்டுக்கு உட்கார 60, சாய 60. மொத்தம் 2 மீட்டர் 55. சோதனைக்கு அரை மீட்டர், வெட்டும்போது போகும் கழிவு, பிற்காலத்தில் ஒட்டுப்போட ஒரு துண்டு என்று சேர்த்தால் 4 மீட்டர். கதவுப் பலகையிலும் ஒரு பட்டை வேண்டும் என்றால் 5. இது என் வண்டிக் கணக்கு. உங்கள் சீட்டைப் பிரித்துப் பழைய ரெக்சினை விரித்து அளந்துவிட்டு, துணியின் சுற்றையும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். சுற்று 30 சென்டிமீட்டர் உள்ள பெரிய கட்டம் என்றால் கழிவு நன்றாகவே கூடும். சின்ன வண்டிக்குச் சின்னக் கட்டம்தான் எடுப்பாகவும் இருக்கும்.

மீட்டர் கணக்கு தெரிந்துவிட்டால் வெளிநாட்டு விலை ஏன் கடிக்கிறது என்பதும் புரியும். துணி விலையோடு அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்கிறது. கோல்ஃப் வைத்திருப்பவருக்கு அதே துணிதான் வேண்டும், அவர் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சரி, எந்தத் துணி? எதை எடுக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் முதலில் எடுத்தது அதைத்தான். சந்தையில் ஒரு கட்பீஸ் கிடைத்தது. கைத்தறிப் பருத்தி, அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும், நடுவில் மஞ்சள் இழை. பார்த்தவுடன் மனசு போய்விட்டது. சாயம் நிற்குமா என்று கேட்டேன். "கேரண்டிங்ணா" என்றார் கடைக்காரர். சித்திரை, வைகாசி தாண்டுவதற்குள் பின் சீட்டின் மேல் விளிம்பில், பின் கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்தில், சிவப்பு வெளிறி ரோஜா நிறமானது. அது போகட்டும். ஒரு முகூர்த்தத்துக்குப் போகும் வழியில் மழை, கண்ணாடி ஏற்றுவதற்குள் சீட் நனைந்தது. மண்டபத்தில் இறங்கியபோது சித்தப்பாவின் பட்டு வேட்டியின் பின்புறம் என் சீட்டின் கட்டம் அப்படியே பதிந்திருந்தது. இன்றைக்கும் என் வண்டி என்றால் ஒரு துண்டை விரித்துத்தான் உட்காருகிறார்.

இது நம் ஊர்த் துணிக்குப் புதிய கதை இல்லை. 1958-இல் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் செக் துணி, நியூயார்க் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்று, துவைத்ததும் சாயம் ஓடிப் பெரிய ரகளை ஆனது என்பார்கள். பிறகு 'சாயம் ஓடுவது உறுதி' என்பதையே விளம்பரமாக்கி விற்றார்களாம். சட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் பலிக்கும், சீட்டுக்குப் பலிக்காது.

அதேபோல லுங்கித் துணி, சட்டைத் துணி இரண்டும் வேண்டாம். கட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை சதுர மீட்டருக்கு நூறு, நூற்றைம்பது கிராம்தான் இருக்கும். சீட்டுக்கு முன்னூறுக்குப் பக்கத்தில் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஏதாவது ஒட்டிக் கனப்படுத்த வேண்டும். கட்டம் அச்சடித்த துணியும் வேண்டாம். அச்சு பெரும்பாலும் இழை ஓட்டத்துக்கு நேராக விழுவதில்லை. கோட்டைப் பார்த்து வெட்டினால் துணி கோணும், துணியைப் பார்த்து வெட்டினால் கோடு கோணும். நெய்த கட்டமா, அச்சுக் கட்டமா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே நிறமாக இருந்தால் நூலுக்குச் சாயம் போட்டு நெய்தது. ஒரே இழையில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தால் அச்சு.

இனி எடுக்க வேண்டியது. யாரும் யோசிக்காத இடத்திலிருந்து தொடங்குகிறேன்: பள்ளிச் சீருடைத் துணி. மெட்ரிக் பள்ளிப் பெண் பிள்ளைகளின் பாவாடைக்கு வரும் கட்டத்துணியைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பில் சிவப்புக் கோடு, கரும்பச்சையில் நீலம், வெள்ளை இழை. பாதிக்கு மேல் அசல் டார்ட்டன் மாதிரியைப் பார்த்து நெய்தவைதான். பெரும்பாலும் பாலியஸ்டர் விஸ்கோஸ் கலப்பு, ராஜஸ்தானின் பில்வாரா பக்கம் மில்களில் ஓடுவது. தினமும் துவைத்து வெயிலில் காயப்போட்டும் வருடம் முழுக்கத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த துணி. கடைசியாக நான் வாங்கியபோது 58 இஞ்ச் பன்னா மீட்டர் 190 ரூபாய். ஜூன் மாதத்தில் போகாதீர்கள், கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. ஆகஸ்டுக்கு மேல் போனால் மிச்சம் மீதியைக் குறைத்தே கொடுப்பார். குறை, கனம் போதாது என்பதுதான். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, உங்கள் ஊர்ப் பள்ளி எந்தக் கட்டம் என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். என் நண்பர் ஒருவர் பார்க்காமல் வாங்கிவிட்டார். அவர் மகள் அந்தக் காரில் பள்ளிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்தது சோபாத் துணி. பின்னால் ஏற்கெனவே பூச்சு கொடுத்திருப்பார்கள், கனம் சரியாக இருக்கும். மாதிரிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மார்ட்டின்டேல் என்று ஓர் எண் இருக்கும், எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும் என்ற அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு 20,000 போதும். தினமும் ஓட்டினால் 30,000-க்கு மேல் பாருங்கள். வெயிலுக்கு நிறம் நிற்பதற்கு 1 முதல் 8 வரை ஓர் அளவு உண்டு, அதில் 6 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வீட்டுக்குள் போடும் துணி என்பதால் பல சோபாத் துணிகள் 4, 5-லேயே நின்றுவிடும். தேய்மான எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம். நிறுத்திவைத்த காரில் துணியைக் கொல்வது பெரும்பாலும் வெயில்தான்.

மூன்றாவது கரூர். மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, நாற்காலி மெத்தை உறை எல்லாம் ஏற்றுமதி ஆகிற ஊர். நாற்காலி மெத்தைக்கு நெய்யும் கட்டத்துணி கனமான நூலில் இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் சாயத்துக்குச் சோதனை அறிக்கை கேட்பதால் சாயமும் பொதுவாக ஒழுங்காக இருக்கும். ஏற்றுமதி மிச்சத்தில் ஒரு ரோலின் அடிப்பகுதி கிடைத்தால் உங்களுக்குப் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என்ன சாயம்?" வாட் சாயம் என்றால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் நன்றாக நிற்கும். ரியாக்டிவ் என்றால் தண்ணீருக்கு நிற்கும், வெயிலுக்கு நிறத்தைப் பொறுத்தது. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

கரூரில் இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. ஏற்றுமதியாளர்களுக்காக மாதிரித் துணி நெய்து கொடுக்கும் சாம்பிள் தறிகள் இருக்கின்றன. வாடிக்கையாளருக்குக் காட்ட இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்றுதான் அவர்கள் நெய்வதே. சாதாரணத் தறிக்காரரிடம் போய் ஐந்து மீட்டர் கேட்டால் சிரிப்பார், ஒரு பாவு, அதாவது நெடுக்கு இழைகளை, ஏற்றினால் பல பத்து மீட்டர் ஓட்டினால்தான் அவருக்குக் கட்டும். சாம்பிள் தறியில் ஐந்து மீட்டர் என்பது மரியாதையான ஆர்டர். நான் 2/20 என்ற கனமான இரட்டை இழைப் பருத்தி நூலில் சாம்பல், கறுப்பு, ஒரு மெல்லிய சிவப்பு என்று காகிதத்தில் கோடு போட்டு எடுத்துப் போனேன். தறிக்காரர் பெரியவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "ஏனுங்க, எத்தனை இழை கருப்பு, எத்தனை இழை செவப்பு, அதைச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்து எண்ணினோம். பாவில் என்ன வரிசையோ அதே வரிசை ஊடையிலும் (குறுக்கு இழையிலும்) வந்தால்தான் டார்ட்டன் மாதிரி அமையும். அதோடு நெசவு சாய்வரியாக, இரண்டு இழை மேலே இரண்டு இழை கீழே என்று போக வேண்டும். அப்போதுதான் சிவப்பும் கறுப்பும் குறுக்கிடும் இடத்தில், கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், பொடிப்பொடியாகச் சாய்வுக் கோடுகள் தெரியும். சாதா நெசவில் அந்த இடம் மிளகும் உப்பும் தூவியதுபோலப் புள்ளிகளாகத்தான் இருக்கும். சாய்வரியில் இழைகள் நெருங்கி உட்காருவதால் துணி கனமாகவும் வரும். எனக்கு நூல், சாயம், கூலி எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 600 ரூபாய்க்குள் ஆனது. சீருடைத் துணியைவிட மூன்று மடங்கு. ஆனால் உலகத்தில் வேறு எந்தக் காரிலும் இல்லாத கட்டம்.

கம்பளி டார்ட்டன் பற்றியும் கேட்பீர்கள். வெயிலுக்கு நிறம் நிற்கும், எளிதில் தீப்பற்றாது, எல்லாம் சரி. மே மாதம் மதியம் இரண்டு மணிக்குக் கம்பளி மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹெரால்டில் ஏசி கிடையாது.

எதை எடுத்தாலும் முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்கி வந்து படுத்தியெடுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து இருபது தடவை அழுத்தித் தேயுங்கள், நிறம் ஏறினால் அங்கேயே முடிந்தது. ஒரு பட்டையைப் பாதி அட்டையால் மூடிக் காரின் பின் கண்ணாடி ஓரத்தில் ஒரு மாதம் போட்டுவையுங்கள். அட்டையை எடுத்ததும் இரண்டு பாதியும் ஒன்றாக இருந்தால் பயம் இல்லை. பருத்தி என்றால் ஒரு துண்டின் மேல் அளவு குறித்துவிட்டுத் துவைத்து மறுபடி அளந்து பாருங்கள். சுருங்கும் துணியை முழுதாக நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இரண்டு துண்டைத் தைத்துத் தையலின் இரு பக்கமும் பிடித்து இழுங்கள், இழைகள் விலகிச் சீப்புப் பல் மாதிரித் தெரிந்தால் அது திரைச்சீலைக்குத்தான் ஆகும்.

தீ விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அறுபது வருடப் பழைய ஒயரிங் உள்ள வண்டி. காருக்குள் போடும் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாகப் பரவக் கூடாது என்பது அமெரிக்க விதி, எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்பார்கள். ஆய்வகம் வேண்டாம், ஓரளவு தெரிந்துகொள்ள வீட்டிலேயே வழி உண்டு. திறந்த வெளியில், மணல் வாளிக்கு மேலே, ஒரு நீளப் பட்டையை இடுக்கியால் கிடைமட்டமாகப் பிடித்து நுனியில் பற்றவையுங்கள், பத்து சென்டிமீட்டர் எரிய எத்தனை நொடி என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் அந்தத் துணி வேண்டாம். துணியை மட்டும் சோதிக்காமல், பின்னால் ஒட்டப்போகும் ஃபோமோடு சேர்த்துச் சோதியுங்கள். தனியாக நிதானமாக எரியும் துணி ஃபோமோடு சேர்ந்தால் பந்தம்போல எரிவதைப் பார்த்திருக்கிறேன்.

துணி முடிவானதும் மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வரும் அதே கட்டம் கடையில் ஒன்றாகத் தெரியும், சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியும்.

இனி குஷன் கடை. மெல்லிய துணியைக் கனப்படுத்தும் வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா? தையற்காரர்கள் காலருக்குள் வைத்து இஸ்திரியில் ஒட்டுவார்களே, அந்த ஃபியூசிங் துணியை முழு அகலத்துக்கும் பின்னால் ஒட்டிவிடுங்கள். கனம் கூடுவது ஒரு லாபம். துணியைக் கையில் எடுத்து வெட்டும்போது கட்டம் கோணாமல் சதுரமாகவே நிற்பது அதைவிடப் பெரிய லாபம். அதற்குப் பின்னால் நாலு மில்லிமீட்டர் ஃபோமும் வலைத்துணியும் வைத்து ஓரம் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். நடுவில் பசை தடவ விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சீட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். மலிவான பசை அந்தச் சூட்டில் இளகி வெளியே கசியும், மஞ்சள் திட்டு விழுந்தால் போகாது.

வெட்டும் நாளில் நீங்கள் கூட இருங்கள். வேறு வேலை இருந்தால் தள்ளிப்போடுங்கள். நம் குஷன் மேஸ்திரிகள் கைதேர்ந்தவர்கள், ஆனால் அவர்கள் பழகியது ரெக்சின். ரெக்சினில் எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றுதான், துணியை மிச்சம் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். என் முதல் சீட்டை அப்படித்தான் அரை மீட்டர் மிச்சம் பிடித்து வெட்டினார்கள். ஓட்டுநர் சீட்டில் மஞ்சள் கோடு சரியாக நடுவில், பக்கத்து சீட்டில் மூன்று விரல் தள்ளி. கதவைத் திறக்கும் யாருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும். இரண்டாவது முறை நான் நின்றபோது மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கட்டத்தப் பார்த்தா துணி பத்தாதுங்ணா." பத்தும் என்று கணக்குச் சீட்டைக் காட்டிய பிறகுதான் கத்தரியை எடுத்தார்.

செய்ய வேண்டியது இதுதான். கட்டத்தில் எந்தக் கோடு முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டின் உட்காரும் பகுதி, சாயும் பகுதி இரண்டிலும் நட்டநடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் துணியின் கோடு உட்கார வேண்டும். சாயும் பகுதியிலிருந்து இறங்கி வரும் கோடு, மடிப்பைத் தாண்டி உட்காரும் பகுதியில் அப்படியே தொடர வேண்டும். குறுக்குக் கோடு இரண்டு முன் சீட்டிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். முதல் துண்டை வெட்டியதும் அதையே மாதிரியாகத் துணியின் மேல் வைத்து, கட்டத்தோடு கட்டம் பொருத்தி, துண்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை நகர்த்திவிட்டு இரண்டாவதை வெட்டச் சொல்லுங்கள். தைக்கும்போது மேல் துணி நகர்ந்துவிடும், அதனால் முதலில் கையால் ஓட்டுத்தையல், பிறகு மிஷின். கட்டமும் ரெக்சினும் சேரும் இடத்தில் பைப்பிங், அதாவது தையலோடு ஓடும் உருண்டையான ஓரப்பட்டை, வையுங்கள், இரண்டு மில்லிமீட்டர் பிசகு இருந்தால் அது மறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் பிசகினால் எதுவும் மறைக்காது.

ஸ்பிரிங்கும் நாரும் தொய்ந்திருந்தால் உறை தைக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். பள்ளமான சீட்டில் எவ்வளவு நேராக வெட்டிய கட்டமும் நெளிந்துதான் தெரியும்.

எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் துண்டை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையது ஒரு பழைய வேட்டியில் சுற்றி டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பின்னால் இருக்கிறது. போன வருடம் ஓட்டுநர் சீட்டில் சாவி கிழித்த இடத்துக்கு அதிலிருந்துதான் ஒரு கட்டம் வெட்டினோம்.